அடிக்கடி வரும் சளியைவிட என்னைக் கவலைப்படுத்திய வரி வேறு

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு 2 வயது 4 மாதம். பகல் நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்து 5 மாதம் ஆகிறது. அதற்குள் 6 முறை சளி, காய்ச்சல் என்று படுத்துவிட்டான். ஒருமுறை கை, கால், வாயெல்லாம் கொப்புளம். “எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளை, காப்பகத்தை நிறுத்து” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இவருக்கோ லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. காலையில் உடம்பு லேசாகச் சுட்டால் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அதை அங்கே சொல்வதில்லை. போன மாதம் இன்னொரு குழந்தை இவனைக் கையில் கடித்துவிட்டது. கடித்த குழந்தை யார் என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் சொல்ல மறுத்துவிட்டார். அதில் இவருக்கு மிகுந்த கோபம். “சளி மருந்து பாட்டில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள், தேவைப்பட்டால் கொடுக்கிறோம்” என்றும் காப்பகத்தில் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் 5 மாதப் பெண் குழந்தையையும் அங்கேயே விட வேண்டும்.

கடிதத்தின் முடிவில், காப்பகத்தைக் குறை மட்டுமே சொல்லிவிட்டோமோ என்று நினைத்தோ என்னவோ, சில நல்ல வார்த்தைகளும் சேர்த்திருக்கிறார். எப்போது போனாலும் தரை துடைக்கும் மருந்தின் வாசம் இருக்குமாம். கைக்குழந்தைகள் அறையில் ஒரே ஒரு அம்மா 6 குழந்தைகளையும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறாராம். “வீட்டில் மல்லாக்கப் படுக்க வைத்தால் என் மகள் அரை மணிக்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறாள். அங்கே குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுக்கிறார்கள், கைக்குழந்தைகள் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகின்றன. அவர்கள் அனுபவம் அப்படி.” இரண்டு குழந்தைகளையும் அனுப்பலாமா, நிறுத்திவிடவா, மூத்தவனுக்கு ரத்தப் பரிசோதனை, டானிக் ஏதாவது தேவையா என்பது கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் பாராட்டி எழுதிய ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் மகள் அங்கே போகும் முதல் நாளுக்கு முன்பே அந்த விஷயம் சரியாகிவிட வேண்டும்.

குப்புறப் படுக்க வைப்பது

ஒரு வயது வரை குழந்தையை ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகலோ இரவோ, மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கெட்டியான, சமமான மெத்தை. அதன் மேல் இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பு. தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. நல்ல உடல்நிலையில் இருந்த குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறோம். பெரும்பாலும் 6 மாதத்துக்குள், அதிலும் 2 முதல் 4 மாதத்தில் இது அதிகம். அமெரிக்காவில் 1994-ல் “மல்லாக்கப் படுக்க வையுங்கள்” என்று நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கினார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் வரவில்லை. படுக்க வைக்கும் விதம்தான் மாறியது.

“குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறதே?” ஆமாம், தூங்கும். நீங்கள் பார்த்தது உண்மைதான். குப்புறப் படுத்த குழந்தையின் தூக்கம் ஆழமானது, அதிலிருந்து எளிதில் விழிக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முகம் மெத்தையில் புதைந்து, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். அப்போது சட்டென விழித்துத் தலையைத் திருப்பி அழ வேண்டும். அந்த விழிப்புதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது. வீட்டில் உங்கள் மகள் அரை மணிக்கு ஒருமுறை விழிப்பதில் உங்களுக்குத் தூக்கம் கெடுகிறது, புரிகிறது. ஆனாலும் எளிதில் விழிக்கும் அந்த இயல்பு அவளுக்கு இந்த வயதில் ஒரு பாதுகாப்பு.

மல்லாக்கப் படுத்தால் பால் கக்கிப் புரையேறிவிடும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. உடலின் அமைப்பைப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும், அது கடினம். குப்புறப் படுக்கும்போது மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. வீட்டில் மல்லாக்கவே படுத்துப் பழகிய குழந்தையைத் திடீரென வேறொருவர் குப்புறப் படுக்க வைக்கும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அந்த நிலையில் தலையைத் தூக்கித் திருப்பிப் பழகியிராத குழந்தை அது. அமெரிக்காவில் காப்பகங்களில் நடந்த திடீர் சிசு மரணங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்ந்த முதல் வாரத்திலேயே நடந்திருந்தது தெரிய வந்தது. “போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அவள் தானாகவே இரண்டு பக்கமும் புரளத் தொடங்கிவிட்டால், மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். தூக்கத்தில் அவளாகப் புரண்டால் ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் குப்புற விட்டு விளையாட வைப்பது நல்லது. கழுத்தும் தோளும் பலப்படும். இதையும் அவர்களிடம் சேர்த்தே சொல்லுங்கள். “குப்புறவே விடக்கூடாது” என்று புரிந்துகொண்டுவிடப் போகிறார்கள்.

அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. அவர் குழந்தைகளை வளர்த்த காலத்தில் குப்புறப் படுக்க வைப்பதுதான் சரி என்று மருத்துவர்களே சொன்ன இடங்களும் உண்டு. அதனால் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ஆனால் சலுகையும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: “என் மகளை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்க மட்டுமே படுக்க வைக்க வேண்டும். முகத்தைத் துணியால் மூடக்கூடாது. சாய்வு நாற்காலியிலோ காரில் வைக்கும் இருக்கையிலோ தூங்கிவிட்டால் எடுத்துச் சமமான படுக்கையில் போட வேண்டும்.” பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தேவையென்றால் உங்கள் குழந்தை மருத்துவரும் கையெழுத்திட்டுத் தருவார்.

ஒருவருக்கு 6 கைக்குழந்தைகள்

அவருடைய பொறுமையை நீங்கள் மெச்சுவது நியாயம்தான். ஆனால் ஒருவருக்கு இரண்டு கைதானே? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் மற்ற சில அமைப்புகளும் சேர்ந்து காப்பகங்களுக்கு வகுத்த தரத்தில், 1 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 3 பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். 1 முதல் 3 வயதுக்குள் 4 பேருக்கு ஒருவர். 3 வயதினருக்கு 7 பேருக்கு ஒருவர். சட்டப்படியான எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறும், பல இடங்களில் இதைவிடத் தளர்வாகவே இருக்கும். உங்கள் பகுதியின் விதியை, உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விதி எதுவானாலும் ஒரு கேள்வியைப் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: தீப்பிடித்தால் அந்த அறையிலிருந்து 6 குழந்தைகளை ஒருவர் எப்படி வெளியே கொண்டு வருவார்? நல்ல காப்பகங்களில் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும். சக்கரம் வைத்த தொட்டிலில் நான்கைந்து பேரை ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போவார்கள், மாதம் ஒருமுறை ஒத்திகையும் பார்ப்பார்கள். பதில் தடுமாறினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

ஆள் பற்றாக்குறையின் விளைவு தீ விபத்தில் மட்டும் தெரிவதில்லை. ஒருவரே ஒன்றுக்கு டயப்பர் மாற்றி, இன்னொன்றுக்குப் பால் கொடுத்து, மூன்றாவதைத் தூங்க வைக்கும்போது முதலில் விடுபடுவது கை கழுவுவதுதான். குப்புறப் படுக்க வைக்கும் பழக்கத்துக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆறும் ஒரே நேரத்தில் அழுதால் அவர் என்னதான் செய்வார்?

இனி மூத்தவன்

5 மாதத்தில் 6 முறை என்பது உங்களுக்கு மலைப்பாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் 10, 12 என்று போவதும் உண்டு. ஒவ்வொரு சளியும் முழுதாகத் தீர 10 முதல் 14 நாள் ஆகும். ஒன்று தீரும் நேரத்தில் அடுத்தது பிடித்தால், “என் பிள்ளைக்குச் சளி விடுவதே இல்லை” என்றுதான் தோன்றும். சளி உண்டாக்கும் வைரஸ்களில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவன் ஒவ்வொன்றாகச் சந்தித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து 13 வயது வரை தொடர்ந்து கவனித்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய காப்பகங்களுக்குப் போன குழந்தைகளுக்கு 2 வயதில் சளி அதிகமாக இருந்தது. ஆனால் 6 வயதிலிருந்து 11 வயது வரை, வீட்டிலேயே வளர்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது அன்பினால்தான். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்பு சக்தியை நான் சந்தேகிப்பது வேறு மாதிரியான குழந்தைகளிடம். ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, தோலிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, நரம்பு வழியாக மருந்து ஏற்றினால் மட்டுமே அடங்கும் தொற்றுகள், எடையே ஏறாமல் இருப்பது, நெருங்கிய குடும்பத்தில் இத்தகைய குறைபாடு இருப்பது. உங்கள் மகனுக்கு இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடை சரியாக ஏறுகிறது, இரண்டு நோய்களுக்கு நடுவில் ஓடி விளையாடுகிறான் என்றால் ரத்தப் பரிசோதனை வேண்டாம், டானிக்கும் வேண்டாம். மூக்கில் வழிவது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சாதாரண வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் நிறம் மாறத்தான் செய்யும். 10 நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்து திடீரென மறுபடி காய்ச்சல் ஏறுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வேகமாகி விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கை, கால், வாய்க் கொப்புள நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்புளம் ஆறிய பிறகும் அந்த வைரஸ் பல வாரம் மலத்தில் வந்துகொண்டிருக்கும். அதனால் வெளியே நலமாகத் தெரியும் குழந்தையிடமிருந்தும் பரவும். கொப்புளம் வந்தவர்களை எத்தனை நாள் தள்ளி வைத்தாலும், டயப்பர் மாற்றிய பின் கை கழுவாத இடத்தில் அது நிற்காது.

காலையில் கொடுக்கும் பாராசிட்டமால்

இதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. உங்களைப் போல எத்தனையோ பெற்றோர் செய்கிறார்கள். லீவு இல்லாதவர்களுக்கு இது ஒழுக்கம் சார்ந்த விஷயமாக இருப்பதில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். அதனால் கண்டிக்கப் போவதில்லை. ஆனால் இதில் நீங்கள் நினைக்கும் ஆபத்து ஒன்று, உண்மையான ஆபத்து வேறொன்று.

மற்ற குழந்தைகளுக்குப் பரவிவிடுமே என்பது உங்கள் குற்ற உணர்வு. அது பாதிதான் சரி. பெரும்பாலான சளி வைரஸ்கள் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. நான் பயப்படுவது உங்கள் மகனுக்காக. பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரத்தில் வேகம் குறையும். மதியம் உடம்பு சுடும். காலையில் கொடுத்தது அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரு வேளை கொடுப்பார்கள். சாயங்காலம் அழைத்து வந்ததும் அது தெரியாமல் நீங்கள் ஒரு வேளை கொடுப்பீர்கள். எடைக்கு மீறிய அளவு திரும்பத் திரும்பப் போனால் கல்லீரல் பாதிக்கப்படும். இரண்டாவது ஆபத்து, நோய் தீவிரமாகிறதா என்று காட்டும் அறிகுறியை மருந்து சில மணி நேரம் மறைத்துவிடும். காலையில் தெளிவாக விட்டுச் சென்ற குழந்தை மதியம் துவண்டு போனால், இது எப்போது தொடங்கியது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அதனால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிப் பையில் வையுங்கள், வாயாலும் சொல்லுங்கள். அவர்களும் அப்படியே எழுதித் தர வேண்டும். கணவரோடு உட்கார்ந்து, அடுத்த காய்ச்சலுக்கு யார் லீவு, அதற்கடுத்ததற்கு யார் என்று இப்போதே பேசி வையுங்கள். காய்ச்சல் அடித்த காலை 7 மணிக்குப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும், பெரும்பாலும் அம்மாதான் லீவு போடுவார்.

எப்போது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது தேவையில்லை என்பதிலும் பலரும் குழம்புகிறார்கள். மூக்கொழுகல், லேசான இருமல் மட்டும் இருந்து வழக்கம்போல் விளையாடினால் அனுப்பலாம். கீழே சொல்பவற்றுக்கு வீட்டில்தான் இருக்க வேண்டும்.

- தெர்மாமீட்டரில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு மேல் காட்டி, குழந்தையும் சோர்ந்திருந்தால். தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மருந்தில்லாமலே காய்ச்சல் இல்லாத ஒரு முழு நாள் கழித்து அனுப்புங்கள்.
- ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, அல்லது டயப்பரை மீறி வெளியே வழியும் வயிற்றுப்போக்கு. நின்ற பிறகும் 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம்.
- சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும் வரை. தட்டம்மை என்றால் தடிப்பு வந்த நாளிலிருந்து 4 நாள்.
- நோய் எதுவென்றே தெரியாவிட்டாலும், வழக்கமாகச் செய்வது எதையும் செய்ய முடியாமல் மடியை விட்டு இறங்காமல் இருந்தால். காப்பகத்தில் அப்படி ஒரே குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்காது.

அந்தச் சளி மருந்து பாட்டில்

கொடுக்காதீர்கள். 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் இருமல், சளி மருந்துகள் கூடாது என்று 2008-லேயே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கும் அவை பெரிதாகப் பலன் தருவதில்லை. அவற்றில் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் பொருள் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: குழந்தைகளைத் தூங்க வைக்கவே இந்த மருந்துகளைக் கொடுத்த காப்பகங்கள் உலகில் உண்டு, அதனால் இறந்த குழந்தைகளும் உண்டு. உங்கள் காப்பகம் அப்படி என்று நான் சொல்லவில்லை. “தேவைப்பட்டால் கொடுக்கிறோம்” என்ற ஏற்பாடே தவறு என்கிறேன். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று எழுத்தில் இல்லாத மருந்து காப்பகத்தில் இருக்கவே கூடாது. இருப்பது எல்லாம் அதன் சொந்தப் பாட்டிலில், குழந்தையின் பெயரோடு, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். பாலில் கலந்து கொடுக்கவும் கூடாது. பாலை மீதி வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது.

கடித்த குழந்தையின் பெயர்

இதில் பொறுப்பாளர் பக்கம்தான் நான். பேச்சு வராத வயதில் கடிப்பது மிக சாதாரணம். ஆத்திரம், பல் முளைக்கும் வேதனை, பொம்மை பறிபோனது, எதையும் பல்லால்தான் சொல்லத் தெரியும். பெயரைச் சொன்னால் அந்தக் குழந்தையின் மீது ஒரு முத்திரை விழும். நாளை உங்கள் மகனே கடித்தால், அவன் பெயர் காக்கப்பட வேண்டும் என்று நீங்களும் விரும்புவீர்கள். தோல் கிழியாத கடிக்குச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் போதும். கிழிந்து ரத்தம் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரைக் கேட்க வேண்டாம், ஆனால் விவரத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எத்தனை மணிக்கு நடந்தது, எந்த இடத்தில், அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன முதலுதவி செய்தார்கள். இதை அன்றே எழுதித் தருவதுதான் முறை. ஒரே அறையில் கடி திரும்பத் திரும்ப நடந்தால் குறை குழந்தையிடம் இல்லை. ஆளோ இடமோ பொம்மையோ போதவில்லை என்று பொருள்.

முட்டி, கணுக்கால், நெற்றியில் வரும் சிராய்ப்பும் கன்றிப்போனதும் ஓடியாடும் பிள்ளைக்கு இயல்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய இடங்களில் காரணம் சொல்ல முடியாத கன்றல் இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் நகரத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் எங்கே கன்றல் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாசத்தை நம்பாமல் பாருங்கள்

தரை துடைக்கும் மருந்தின் வாசம் சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. சுத்தத்துக்கு வாசமே கிடையாது. குழந்தைகள் இருக்கும்போதே கடுமையான மருந்துகளைத் தெளித்தால் மூச்சுக்குழாய் எரிச்சலடையும், இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது கூடும். தரையைவிட முக்கியம் கைகளும், வாயில் வைக்கும் பொம்மைகளும், டயப்பர் மாற்றும் இடமும்தான்.

ஒரு நாள் அனுமதி கேட்டு, ஒரே ஒரு டயப்பர் மாற்றுவதை முதலிலிருந்து கடைசி வரை நின்று பாருங்கள். எந்தச் சான்றிதழையும்விட அது அதிகம் சொல்லும். வேண்டிய துணி, துடைப்பான் எல்லாவற்றையும் குழந்தையைக் கிடத்துவதற்கு முன்பே எடுத்து வைக்கிறாரா, இல்லை நடுவில் அழுக்குக் கையோடு அலமாரியைத் திறக்கிறாரா? உயரமான மேசை என்றால் ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்கிறதா? அழுக்கு டயப்பர் மூடியுள்ள, காலால் திறக்கும் தொட்டிக்குள் போகிறதா? முடிந்ததும் அவர் கையோடு குழந்தையின் கையையும் கழுவுகிறாரா? பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சின்னக் கைகள்தான் அடுத்த நிமிடம் வாய்க்குள் போகும். விரிப்பை முதலில் சோப்பால் துடைத்து, பிறகு கிருமிநாசினி போடுகிறாரா? அழுக்கின் மேலேயே தெளித்தால் கிருமிநாசினி வேலை செய்யாது. அவர் கை கழுவும் தொட்டியும் பால் புட்டி கழுவும் தொட்டியும் ஒன்றா? சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி என்பதுதான் கணக்கு. சானிடைசர் அவசரத்துக்கு ஆகும், ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கூட்டமாகப் பரப்பும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது.

அப்படியே விளையாடும் இடத்தில் தரையோடு குனிந்து ஒருமுறை பாருங்கள். டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் 3 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியது. பொத்தான் பேட்டரி போடும் பொம்மைகளில் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அதைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். முழுத் திராட்சை, முழுக் கடலை, கெட்டி மிட்டாய் 4 வயது வரை தட்டில் இருக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். தண்ணீர் நிறைந்த வாளி எங்காவது இருக்கிறதா? சில அங்குலத் தண்ணீரிலேயே குழந்தை மூழ்கிவிடும், சத்தமே வராது.

மகளை அனுப்பலாமா?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, முடிந்தால் சில மாதம் தள்ளிப்போடுவது. 1 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழல்கள் மிகச் சிறியவை. அண்ணனுக்கு வெறும் சளியாகப் போகும் ஆர்எஸ்வி போன்ற வைரஸ் இவளுக்கு இளைப்பாகி மருத்துவமனை வரை கொண்டு போகலாம். குறைமாதத்தில் பிறந்தவள், இதய நோயோ நுரையீரல் கோளாறோ உள்ளவள் என்றால் தள்ளிப்போடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மேலும் அண்ணன் தினமும் அதே வைரஸ்களை வீட்டுக்குக் கொண்டு வரத்தான் போகிறான், அதனால் தள்ளிப்போடுவதில் கிடைக்கும் லாபம் உங்கள் வீட்டில் கொஞ்சம் குறைவு. வேலையை விட்டுவிடும் அளவுக்கு இது காரணமாகாது. இரண்டாவது, இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் விடுவது. தொற்று குறையும், ஆனால் அவர் தனியாளாக இருப்பார், மேற்பார்வை இருக்காது. தூக்கம், மருந்து பற்றிய கேள்விகளை அவரிடமும் இதே கண்டிப்போடு கேட்க வேண்டும். மூன்றாவது, இதே காப்பகம், சில நிபந்தனைகளோடு.

மூன்றாவதை முயன்று பாருங்கள் என்பது என் கருத்து. மகன் அங்கே பழகிவிட்டான், பார்த்துக்கொள்பவர்களிடம் அன்பு இருக்கிறது. அன்பைக் கற்றுக்கொடுக்க முடியாது, படுக்க வைக்கும் விதத்தைக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் மல்லாக்கப் படுக்க வைப்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கைக்குழந்தைகள் அறைக்கு இன்னொரு ஆள் எப்போது வருவார் என்ற கேள்விக்கு ஒரு தேதி வேண்டும். மருந்து எழுத்தில் மட்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் சொல்லாமல் உள்ளே வரலாம் என்பது நடைமுறையில் இருக்க வேண்டும். வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் காப்பகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தடுப்பூசி அட்டையைச் சேர்க்கும்போது பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். தட்டம்மை ஓரிடத்தில் பரவாமல் இருக்க அங்குள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்காவது எதிர்ப்பு இருக்க வேண்டும். உங்கள் மகள் அந்த ஊசி போடும் வயதையே இன்னும் எட்டவில்லை. அதுவரை மற்றக் குழந்தைகளும் வேலை செய்பவர்களும் போட்டுக்கொண்ட ஊசிதான் அவளுக்குக் காவல். தாய்ப்பாலை எடுத்து வைத்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். புட்டியில் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள். புதிதாக எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 நாள் வரை தாங்கும். அவள் குடித்து மீதி வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

எப்படிப் பேசுவது என்று தயங்குகிறீர்கள், அது கடிதத்திலேயே தெரிகிறது. குழந்தையை விட்டுச் செல்லும் அவசரத்தில் வாசலில் நின்று பேசாதீர்கள். தனியாக நேரம் கேட்டு உட்காருங்கள். “நீங்கள் செய்வது தப்பு” என்று தொடங்காமல், “எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மகளுக்கு இப்படித்தான் செய்ய வேண்டுமாம், உங்களால் முடியுமா?” என்று என்னைக் காரணம் காட்டுங்கள். எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. முடியும் என்றால் முதல் வாரத்தில் பாதி நாள் மட்டும் விடுங்கள். அந்த வாரத்தில் இரண்டு முறையாவது, சரியாகக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

அவள் மல்லாக்கப் படுத்திருந்தால் அந்த அம்மாவிடம் மனதார நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். குப்புறக் கிடந்தால் அன்றே அழைத்து வந்துவிடுங்கள், மறுநாள் லீவு கிடைக்குமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மற்ற ஆறு குழந்தைகளும் அதே அறையில்தான் இருக்கும். அவர்கள் பெற்றோருக்கும் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.